அண்டா வீட்டு மூட்டைகள்

“மடார்!”

படுக்கையறையிலிருந்து வந்த சத்தத்தில், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்டாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. கூடத்தில் அவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியின் கையில் இஸ்திரிப் பெட்டியும் நின்றது. சட்டை மட்டும் நிற்காமல் புகைய ஆரம்பித்தது.

அதைத் தொடர்ந்து, தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் சரசரவென்று நீண்ட ஓசை. பிறகு நிசப்தம்.

“ஐயோ, பாப்பா உள்ள தூங்கறாளே!”

இருவரும் ஓடினார்கள். கதவைத் தள்ளினால் ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஏதோ முட்டுக் கொடுத்தது. இடுக்கின் வழியே மகளின் குரல் வந்தது.

“பதறாதீங்க, நான் உயிரோடதான் இருக்கேன். கட்டில்தான் போய்ச் சேந்துடுச்சு.”

அண்டா தோளைக் கொடுத்து முட்டினார். தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சோறு கிளறும் தோள் அது. கதவு பணிந்தது. உள்ளே கட்டிலின் இரண்டு கால்கள் முறிந்து கிடந்தன. கட்டில்மேல் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்திருந்தன. ஒன்று வாய் கிழிந்து அறையெங்கும் அரிசி. அந்த வெள்ளைக் குன்றின் நடுவில், தலையணையைக் கட்டிக்கொண்டு, கல்லூரிக்குப் போகும் அவர்களுடைய ஒரே மகள் உட்கார்ந்திருந்தாள்.

“மூட்டை மேல மெத்தை போட்டுப் படு, ராணி மாதிரி உசரத்துல இருப்பேன்னு சொன்னீங்களேப்பா. ராணியக் கவுத்துட்டாங்க.”

“அடி கிடி பட்டுச்சா கண்ணு?”

“மூக்குக்குள்ள ரெண்டு அரிசி போயிருக்கு. அதையும் கணக்குல சேத்துக்குங்க.”

தாய் மகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே அவள் கண்கள் கிழிந்த மூட்டைக்குப் போயின. அந்தக் கண்களில் தெரிந்த பதைப்பைப் பார்த்தால், அங்கே விழுந்து கிடப்பது இரண்டாவது பிள்ளையோ என்று தோன்றும்.

அண்டாவுக்கு வேறு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. பதினாறு வயதில் அந்தக் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனவர். அண்டாவுக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட, உள்ளேயிருந்து “இதோ!” என்று அவர் குரல் கொடுக்க, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கழுவியவர் கரண்டி பிடித்தார்; கரண்டி பிடித்தவர் தலைமைச் சமையல்காரர் ஆனார். வலது கை இடது கையைவிட ஒரு சுற்றுப் பருத்துப்போனது.

அந்தக் கைக்கு ஒரு வியாதி உண்டு. அதற்குச் சின்னதாகப் போடத் தெரியாது. திருமணமான புதிதில் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தக் கஞ்சியில் தெருவுக்கே காய்ச்சல் தெளிந்தது.

மனைவி இதற்கு நேர் எதிர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவு. அளவு பார்க்காமல் கத்திரி வைத்தால் ஒரு கட்டுத் துணி பாழ் என்பதைத் தினமும் பார்ப்பவள். வாரநாட்களில் அவள் சமைப்பாள். ஒரு பருக்கை மிஞ்சாது, ஒரு பருக்கை குறையாது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஓவர்டைம் போய்விடுவாள். அன்று அடுப்பு அண்டாவின் ராஜ்யம். அபூர்வமாக இந்த ஞாயிறு அவளுக்கு ஓவர்டைம் இல்லை.

போன மழைக்காலத்தில் ஊரை இணைக்கும் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. லாரி வரவில்லை. கடைகளில் ஷட்டர் இறங்கியது. கேன்டீனிலும் அடுப்பு அணைந்தது. வீட்டில் இருந்ததைக் கொண்டு நாளை ஓட்டினார்கள். கடைசியில் ஒரு மாலை, அவள் பானைக்குள் கரண்டியை விட்டாள். கிடந்தது இரண்டு கைச் சோறுதான்; கரண்டி அதில் இறங்கவில்லை. அடியில் பட்டுக் கணீரென்றது. கோயில் மணி கேட்டுக்கூட அவள் அப்படி நடுங்கியதில்லை. “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இரண்டாம் நாளே படகில் மூட்டைகள் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கணீர் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

“இனிமே நம்ம வீட்ல மூணு மாசத்துக்குச் சாப்பாடு எப்பவும் இருக்கணும்” என்றாள்.

“வாங்கிட்டாப் போச்சு. எவ்வளவு?” என்றார் அண்டா.

“அளக்காம எப்படிச் சொல்றது? ஒரு வாரம் நாம என்ன சாப்பிடறோம்னு அளந்து பாப்போம். அதைப் பெருக்கிக்கலாம்.”

அருமையான யோசனை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! அந்த வாரம் பார்த்து அவள் தங்கைக்குப் பிரசவ வலி. அவள் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. மகளுக்குச் சமைத்துப் போட அண்டா விடுப்பு எடுத்தார். “நீங்க அளந்து வைங்க” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். வாரக் கடைசியில் தொலைபேசியில் அவர் அளவைச் சொன்னார். கேட்டவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நாமளா இவ்வளவு சாப்பிடறோம்?” என்றாள். “வளர்ற புள்ளம்மா” என்றார் அவர்.

பயந்த மனசுக்குப் பெரிய அளவு பிடிக்கும். அவள் மறுபடி கேட்கவில்லை.

மாதாமாதம் வந்து இறங்கியது. அரிசியும் மாவும் கட்டிலுக்கு மேலும் கீழும். பருப்பு டின்கள் அலமாரிக்கு மேல் கூரை தொட. எண்ணெய் டப்பாக்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில். காலை நீட்டினால் கட்டைவிரல் இடிக்கும். செருப்பு அடுக்கில் சர்க்கரை. செருப்பு வாசலுக்கு வெளியே. வாசல் கதவுக்குப் பின்னாலும் மூட்டை; அது பாதிதான் திறக்கும். குளியலறைப் பரணில் உப்பு. அது ஈரம் கோத்துப் பாறையாகிவிட்டது. விருந்தாளி வந்தால் மாவு மூட்டைக்கு விரிப்புப் போட்டு “உக்காருங்க, சோபா” என்பாள் மகள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் இன்று கட்டில் முறிந்தது.

அரிசியை அள்ளி முடிப்பதற்குள் வாசலில் கீழ் வீட்டு அக்கா. தலையெல்லாம் வெள்ளை.

“என் தலையைப் பாருங்க! ஒரே நிமிஷத்துல கிழவியாக்கிட்டீங்களே! கூரைக் காரை பேந்து டீயில விழுந்துச்சு. இன்னும் கொஞ்சம் பெருசா விழுந்திருந்தா என் புருஷன் இந்நேரம் வேற பொண்ணு பாத்திருப்பாரு!”

“மன்னிச்சுக்குங்கக்கா, கட்டில்...”

“கட்டிலாம்ல! மூட்டை மூட்டையா ஏத்தறதை நான் பாக்கலையா? மேல கடை நடக்குதுன்னு ஹவுஸ் ஓனருக்குப் போன் போட்டுட்டேன். வந்துக்கிட்டே இருக்காரு.”

மனைவியின் முகத்தில் ரத்தம் வற்றியது. எத்தனை வீடு மாறி, எத்தனை முறை பாத்திரம் கட்டி அவிழ்த்து, கடைசியில் கிடைத்த வீடு! ஆலைக்கும் நடக்கலாம், கல்லூரிக்கும் நடக்கலாம். ஜன்னலைத் திறந்தால் காற்று. குடியிருப்பில் வியாபாரம் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரர் வந்தார். கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். மூட்டையைக் கண்டால் எடை தெரியும், அடுக்கைக் கண்டால் சரக்கு தெரியும். ஒவ்வொரு அறையாகச் சுற்றினார். செருப்பு அடுக்கைத் திறந்தார். பரணை அண்ணாந்து பார்த்தார். மாவு மூட்டையில் உட்கார்ந்தார். பின்னாலேயே கீழ் வீட்டு அக்காவும் வந்து, ‘பாத்தீங்களா’ என்பதுபோல் இடுப்பில் கை வைத்தாள்.

“வீட்ல எத்தனை பேரு?”

“மூணு பேருங்க.”

“இது எவ்வளவு நாளைக்கு?”

“மூணு மாசத்துக்குங்க” என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, நான் வியாபாரி. என்கிட்டயேவா? இது மூணு பேரு மூணு மாசத்துக்குச் சாப்பிடறதுன்னா, நீங்க மூணு பேரும் யானையா இருக்கணும். நேர்மையா ‘கடை வச்சிருக்கேன்’னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். இந்த மாசக் கடைசியில காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

இடி விழுந்தது. அண்டா கரண்டிக் கையைப் பிசைந்தார்.

மனைவி மட்டும் நிமிர்ந்தாள். வாழ்நாளில் யாரும் அவள் அளவைத் தப்பு என்று சொன்னதில்லை.

“சார், நாங்க பொய் சொல்ற ஜாதி இல்லை. அளந்துதான் வாங்கினோம். நம்பலைன்னா இருந்து பாருங்க. இப்பவே சமைக்கறோம். ஒரு வேளைக்கு என்ன ஆகுதுன்னு உங்க கண்ணால பாருங்க. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் காலி பண்ணச் சொல்லுங்க, பண்ணிடறோம்.”

வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெங்காய வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. “சரி” என்றார்.

எல்லோரும் சமையலறை வாசலில் நின்றார்கள். அண்டா வேட்டியை மடித்துக் கட்டினார். மூட்டைக்குள் கையைவிட்டார். அவர் முகமே மாறிவிட்டது. பாட்டுக்காரன் மேடையேறியதுபோல் ஒரு களை. அரிசி விழுந்தது. இன்னும் விழுந்தது. பெரிய பாத்திரம் போதாமல் அதைவிடப் பெரியதை எடுத்தார். பருப்பு விழுந்தது. எண்ணெய் டப்பா சாய்ந்தது, நிமிர மறந்தது.

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவர் அளந்து போடுவதை அவள் பக்கத்தில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஞாயிறு மாலை அவள் வரும்போது எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்ந்திருக்கும்.

“என்னங்க...” அவள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “எத்தனை பேருக்குப் போடறீங்க?”

“நம்ம மூணு, சார் ஒருத்தர். நாலு.”

“நாலு பேருக்கா இது?”

“சாரு புதுசா வந்திருக்காரேன்னு ஒரு கை கூடப் போட்டிருக்கேன்” என்றார் அண்டா, வெள்ளந்தியாக.

“நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேனே, அந்த வாரம்... அப்பவும் இதே கையாலதான் போட்டீங்களா?”

“என் கைக்கு வேற கை ஏதும்மா?”

அவள் சுவரில் சாய்ந்தாள். கொடுத்த அளவே கோணல்! அந்தக் கோணல் அளவை வைத்து வெட்டிக்கொண்டே போயிருக்கிறாளே! ஒரு வாரத்தை மூன்று மாதமாகப் பெருக்கி, வீட்டையே மூட்டையாக்கி, மகளைக் கூரையில் ஒட்டவைத்து...

வீட்டுக்காரர் பாத்திரத்தையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “கணக்கு சரியாத்தான் வருது” என்று ஒப்புக்கொண்டார். உடனே புருவம் ஏறியது. “ஆனா இத்தனையும் எங்க போகுது? அப்போ கடை இல்லை. மெஸ் நடத்தறீங்க!”

தாளிக்கும் வாசனை படியிறங்கிப் போயிருந்தது போலும். கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு அக்காவின் கணவர், பஸ் கண்டக்டர், வீட்டுக்காரர் வந்திருப்பது தெரியாமல், கையில் தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார்.

“அண்டா அண்ணே! என்ன இன்னிக்கு வாசனை தூக்குது? கொஞ்சம் அடியோட போடுங்க, போன தடவை பையன் பத்தலைன்னுட்டான்.”

அவருக்குப் பின்னால் எதிர் வீட்டு டெய்லர், ஒரு குண்டானோடு. அவருக்கும் பின்னால் மாடி வீட்டு நர்ஸம்மா, மூடி போட்ட கிண்ணத்தோடு.

கீழ் வீட்டு அக்கா கணவரைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினாள். கண்டக்டருக்கு அது புரியவில்லை. “என்னடி, கண்ணுல காரை விழுந்துடுச்சா?” என்றார்.

வீட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். “வாங்க, வாங்க. ஒரு பாத்திரத்துக்கு என்ன குடுப்பீங்க?”

“குடுக்கறதா?” கண்டக்டர் விழித்தார். “கழுவிக் குடுப்போம் சார்.”

“காசு?”

“காசு குடுத்தா இந்த மனுஷன் கரண்டியாலயே அடிப்பாரு. இவங்க வீட்டம்மா தங்கச்சி பிரசவத்துக்குப் போன வாரம் எங்க வீட்ல அடுப்பே பத்தவைக்கல. இவகூட, ‘இந்தம்மா இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வந்தா நல்லாருக்கும்’னா.”

எல்லாக் கண்களும் கீழ் வீட்டு அக்கா பக்கம் திரும்பின. தலையில் காரையும் முகத்தில் அசடும் வழிய அவள் நின்றாள்.

“மூட்டைன்னா... அது நம்ம வயித்துக்குத்தான் வருதுன்னு எனக்கெங்க தெரியும்?” என்றாள் முணுமுணுப்பாக. பிறகு சடாரென்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பா நினைக்காதே தங்கச்சி. காரை விழுந்த கோவம். சார், நான் போன் பண்ணதை வாபஸ் வாங்கிக்கறேன்.”

முதலில் சிரித்தது வீட்டுக்காரர். அந்தச் சிரிப்பு அவருக்கே பழக்கமில்லாதது போலிருந்தது, நடுவில் இருமினார். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மறுபடி இறுகியது.

“கடை இல்லை, மெஸ் இல்லை. ஒத்துக்கறேன். ஆனா இந்தத் தரை இவ்வளவு பாரம் தாங்காதும்மா. இன்னிக்குக் காரை விழுந்துச்சு, நாளைக்கு நீங்களே விழுவீங்க. உங்க மூணு பேருக்கு நிஜமா என்ன வேணுமோ அதை வச்சுக்குங்க. மத்தது சாயங்காலத்துக்குள்ள இறங்கியாகணும். எவ்வளவு வேணும், சொல்லுங்க.”

அவள் ஒரு மூட்டையைத் தொட்டாள், பிறகு இன்னொன்றை. எந்த மூட்டையைப் பார்த்தாலும் அது இல்லாத வீடு கண்ணில் வந்தது. கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

“உங்களுக்குத் தெரியாது சார். அன்னிக்குப் பானையில கரண்டி தட்டுச்சு. இவங்க ரெண்டு பேரும் வயிறு நிறையணும்னு, பசிக்கலைன்னு பொய் சொன்னேன். அந்த நாள் இன்னொரு தடவை வந்தா நான் தாங்க மாட்டேன்.”

மகள் மெல்ல அருகில் வந்தாள். “அம்மா, நானும் அன்னிக்குச் சாப்பிடல.”

“என்னடி சொல்றே?”

“நீ பசிக்கலைன்னே. பொய்னு தெரிஞ்சுது. வாங்கி வச்சுட்டு, உனக்கு இருக்கட்டும்னு திரும்பப் பானையிலயே போட்டுட்டேன்.”

அண்டா தலையைச் சொறிந்தார். “நான் கேன்டீன்ல சாப்பிட்டேன்னு சொன்னேன்ல... கேன்டீன்ல அன்னிக்கு அடுப்பே எரியல.”

“அதான் மறுநாள் காலையில பானையில சோறு கெட்டுப்போய்க் கிடந்துச்சாம்மா?” என்றாள் மகள். “நீ என்னைத் திட்டிக்கிட்டே கொட்டினியே. மூணு பேரும் பட்டினி, சோறு குப்பையில. நம்மள மாதிரி ஒரு குடும்பத்தைப் பாக்கவே முடியாது.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அழுகையா சிரிப்பா என்று முடிவாகாமல் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நர்ஸம்மா பயந்துபோய் நாடி பார்க்க வந்தார். பார்த்தால், சிரிப்பு.

சிரித்து முடித்து முகம் துடைத்துக்கொண்டபோது அவள் பழைய வெட்டுக்காரி. வாரநாளில் தான் உலை வைக்கும் சின்ன டம்ளரை எடுத்து வந்தாள். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த டம்ளர் கணக்கில் மூவருக்கு ஒரு மாதத்துக்கானதை அளந்து பிரித்தாள். மூன்று மாதம் என்ற பேச்சே இல்லை. “முதல்ல ஒரு மாசத்துக்கு இருக்கட்டும். பழசை முன்னால வச்சு எடுத்துச் சாப்பிடணும், புதுசைப் பின்னால வைக்கணும். அப்பத்தான் வண்டு வராது. அது பழகினப்புறம் பாப்போம்” என்றாள். அளந்தது எல்லாம் ஒரே அலமாரியில் அடங்கிவிட்டது. அவளே நம்ப முடியாமல் கதவை மூடித் திறந்து பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு மூட்டையைத் தனியாக ஒதுக்கினாள். அண்டாவின் முகம் மலர்ந்தது.

“மிச்சம்?” என்றார் வீட்டுக்காரர்.

“சாப்பிடறது எல்லாரும். சுமக்கறது மட்டும் எங்க தரையா?” என்றாள் அவள். “ஆளுக்கு ஒரு மூட்டை. அவங்கவங்க வீட்லயே இருக்கட்டும். பாலம் போனா இவங்க வீட்லயும்தானே கடை கிடையாது?”

டெய்லர் மாவைத் தோளில் ஏற்றினார். நர்ஸம்மா பருப்பு டின்னைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டார். கீழ் வீட்டு அக்கா இரண்டு மூட்டையைக் கேட்டு வாங்கினாள். “எங்க கட்டில் தேக்கு” என்றாள் பெருமையாக. பாறையாய்ப் போன உப்பை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாலு பேருக்கு வைத்தது அத்தனை பேருக்கும் போதுமாக இருந்தது. வீட்டுக்காரர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோது யாரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள். மூன்றாம் முறை அவரே கேட்டு வாங்கினார்.

“கூரைக் காரைக்கு நாளைக்கு ஆள் அனுப்பறேன்” என்று கை கழுவினார். “காலி பண்றதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. யாரும் ஒண்ணும் கேக்கல. சரியா?”

மனைவி கை கூப்பினாள்.

அவர் செருப்பை மாட்டினார். படியில் ஒரு கால் வைத்தவர், நின்று திரும்பினார்.

“வந்து... எங்க வீட்ல நானும் என் சம்சாரமும்தான். நாளைக்கு அலமாரியில என்ன இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கு எவ்வளவு வச்சுக்கலாம்?”

“ரெண்டே பேருதானே சார்,” அண்டா உற்சாகமாக முன்னால் வந்தார், “ஒரு மூட்டை அரிசி, அப்புறம்...”

மனைவி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

“நீங்க இவரைக் கேக்காதீங்க சார். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேளுங்க. விருந்தாளி யாரும் வராத வாரமாப் பாத்து அளக்கச் சொல்லுங்க. அளக்கற வாரம் இவரை உங்க வீட்டுப் பக்கம் விடமாட்டேன்.”

வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே, இந்த முறை இருமாமல் சிரித்துக்கொண்டே, படியிறங்கினார். அவர் காலடி கீழே தெருவில் கலந்து மறையும்வரை அவள் நின்றாள். பிறகு உள்ளே வந்து, மூட்டைகள் இல்லாமல் இன்று முதல் தடவையாக முழுசாகத் திறந்த வாசல் கதவை, மெல்லச் சாத்தினாள்.